எல்லைக் காவலின் செவியும் நாவும்

ஒரு தேசத்தின் எல்லையைக் காப்பவர் யார் என்று கேட்டால், துப்பாக்கி ஏந்திய சிப்பாய் என்றே ஜனங்கள் விடை பகர்வார்கள். அவ்விடை பிழையன்று. வெயிலிலும் பனியிலும் நின்று உயிரைப் பணயமாக வைப்பவன் அவனே. ஆயினும், தான் கண்டதை அவன் மற்றவர்க்கு அறிவிக்க இயலாமற் போகுமாயின், அவனுடைய காவல் அவன் குரல் எட்டும் தூரத்தோடு நின்றுவிடும். காவற் சாவடிக்கும் தலைமையிடத்துக்கும் இடையே செய்தி ஓடும் வழியை வகுத்து, அமைத்து, பழுது பார்த்து, பகைவர் செவியிற் படாமற் காப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரே தொலைத்தொடர்பு நிபுணர். அவருடைய வேலை செவ்வனே நடக்கும் வரையில் அவரை எவரும் நினைப்பதில்லை. அது கெட்ட அன்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். எல்லைக் காவலுக்காகச் சர்க்கார்கள் செலவிடும் பெரும் பணம் பயன்படுவதும் பாழாவதும், பெரும்பாலும் இந்த நிபுணருக்கு அளிக்கப்படும் அதிகாரத்தைப் பொறுத்தே இருக்கிறது என்பது நமது துணிபு. அதனை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இவ்வுத்தியோகத்தின் இயல்பைச் சிறிது விளக்குவது அவசியம். எல்லைப் படையினர் கையிலுள்ள ரேடியோக் கருவி பேசும் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வது. குன்று குறுக்கிட்டால் தடைப்படும். பூமியின் வளைவும் அதனை மறைக்கும். 30 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து நோக்கினால், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தில் தொடுவானம் முடிந்துவிடுகிறது. ஆகவே, கோபுரத்துக்குக் கோபுரம் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும் அஞ்சல் வரிசை ஒன்று வேண்டும். எந்தக் குன்றின்மேல் கோபுரம் எழுப்புவது, எந்த அலைவரிசையை எந்தப் படைப் பிரிவுக்கு ஒதுக்குவது, மின்சாரம் அற்றுப்போன இரவில் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், இரகசியச் சங்கேதச் சாவியை எத்தனை நாளைக்கொரு முறை மாற்றுவது, அவ்வாறு மாற்றும் வேளையில் தொலைவிலுள்ள சாவடி ஒன்று செவிடாய்ப் போகாமற் காப்பது எவ்வாறு என்பன அவருடைய அன்றாடக் கவலைகள். ராடார், காமிரா, நிலத்தடியிற் புதைத்த உணர் கருவி ஆகிய யாவும் அவர் அமைக்கும் பாதையின் வழியாகவே பேசியாகவேண்டும். பாதை அறுந்தால், விலையுயர்ந்த கண்களெல்லாம் குருட்டுக் கண்களே.

இத்தகையோர் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் உத்தியோக வரிசையில் தொலைத்தொடர்புக்கென்று 0391 என்ற தனி இலக்கமே உண்டு. நமது எல்லைப் பாதுகாப்புப் படையில் ரேடியோ ஆபரேட்டர், ரேடியோ மெக்கானிக் என்ற பெயர்களில் தலைமைக் கான்ஸ்டபிள்கள் சேர்த்துக் கொள்ளப்படுகிறார்கள். இந்தோ-திபெத் எல்லைப் போலீஸிலும் தொலைத்தொடர்புக்கென்றே தனி வகுப்பு உண்டு. இவர்களுக்கெல்லாம் தலைவராயிருந்து, எந்தக் கருவி வாங்கத் தக்கது, எது தகாதது என்று சொல்லவேண்டியவரே பிரதம நிபுணர். அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதே இன்றைய கேள்வி.

கம்பி யார் வசம்?

செய்திக் கம்பியின் பலத்தை நம் தேசம் கசப்பான அநுபவத்தினாலேயே அறிந்தது. 1857-ஆம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி, மீரத்திலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தார்கள். அன்று தில்லித் தந்தி ஆபீஸிலிருந்த இளஞ் சிப்பந்திகள், அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டே இடத்தை விட்டு அகன்றார்கள். அச்செய்தி பஞ்சாபுக்கு எட்டிற்று. மே 13-ந் தேதி லாகூரை அடுத்த மியான் மீரில் நம் சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. தில்லியில் நடந்தது அவர்கள் செவியை எட்டுமுன்னரே, அதை அறிந்த அன்னிய அதிகாரிகள் பீரங்கிகளை நிறுத்தி ஆயத்தமாகி விட்டார்கள். நம்மவர் தீரத்திற் குறைந்தவர்களல்லர். கம்பி அன்னியர் வசத்தில் இருந்தது; வேளையும் அவர்கள் வசமாயிற்று.

இன்று அன்னிய ஆட்சி இல்லை. ஆயினும், கம்பி யார் வசம் என்ற கேள்வி ஓய்ந்துவிடவில்லை. பொதுஜன ஊழியரான நிபுணர் வசமா, யந்திரம் விற்கும் கம்பெனியின் வசமா என்ற புது வடிவத்தில் அது எழுந்திருக்கிறது. இக்கேள்விக்குத் தவறான விடை கொடுத்து, அதற்குரிய விலையையும் கொடுத்த தேசம் ஒன்று உண்டு. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னணியில் நிற்கும் அமெரிக்காவே அது. அங்கு நடந்ததைச் சற்று விரிவாகக் கூறுவது நமக்குப் பயன் தரும்.

அரிஸோனாப் பாலைவனத்தில்

அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையேயுள்ள எல்லை ஏறக்குறைய 2,000 மைல் நீளமுள்ளது. அதைக் காக்கும் ரோந்துப் படை 1924-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1997-ஆம் ஆண்டு தொடங்கி 2005-ஆம் ஆண்டு வரையில், நிலத்தடி உணர் கருவிகளையும் கம்பங்களின்மேற் காமிராக்களையும் அமைக்கும் திட்டங்களுக்காக 40 கோடி டாலருக்கு மேற் செலவாயிற்று. ஆனால், உணர் கருவி அதிர்வை அறிந்து மணியடித்தால், காமிரா தானாக அப்பக்கம் திரும்புவதில்லை. ஒன்றையொன்று பேசவைக்கும் இணைப்பு அமையவில்லை. அறையிலிருக்கும் சிப்பந்தி மணியைக் கேட்டு, கையினால் காமிராவைத் திருப்பி, வந்தது மாடா மனிதனா என்று பார்த்து, பிறகு ரேடியோவில் ரோந்துக்காரரை அழைக்கவேண்டும். அதற்குள் வந்தவன் போய்விடுவான்.

இக்குறையை நீக்குவதாகச் சொல்லி 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் புதியதொரு பெருந் திட்டம் போயிங் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. எஸ்.பி.ஐ.நெட் என்பது அதன் பெயர். அரிஸோனா மாகாணத்தில் 28 மைல் நீளத்தில் முதற் பரீக்ஷை. 98 அடி உயரமுள்ள 9 கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் ராடாரும் காமிராக்களும். எல்லைக் காவலர் தமது மோட்டார் வண்டியில் உட்கார்ந்தபடியே யார் எங்கே வருகிறார்கள் என்பதைத் திரையிற் காணலாம் என்று சொல்லப்பட்டது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முடியவேண்டிய வேலை, 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியிற்றான் முழுமையாக ஏற்கப்பட்டது.

ஏன் இந்தத் தாமதம்? ராடார் கண்டது திரைக்கு வந்து சேர மிகுந்த நேரம் பிடித்தது. மழை பெய்தால், மழைத்துளியையே ஆள் நடமாட்டமாக எண்ணி ராடார் கூவிற்று. காமிராவைத் தூரத்திலிருந்து திருப்புவதிலும் தாமதம். செய்தி செயற்கைக் கோள் வழியாகச் சென்றால் இது நேருவது இயல்பு. பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக் கோள் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டளை மேலே சென்று கீழே இறங்க ஏறக்குறைய கால் வினாடி. விடை திரும்பிவர இன்னொரு கால் வினாடி. யந்திரங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். ஓடுகிற மனிதனைக் காமிராவினாற் பின்தொடர முயலும் ஒருவருக்கு இத்தாமதம் போதும். அவர் திருப்பும்போதெல்லாம் மனிதன் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறான். அநுபவமுள்ள எந்தத் தொலைத்தொடர்பு நிபுணரும் இதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுக் காட்டியிருப்பார்.

மற்றொரு விஷயம் இன்னும் வியப்புக்குரியது. கருவிகளை இணைப்பதற்காக முதலில் எடுத்தாளப்பட்ட கணினி நிரல், நகரங்களில் போலீஸ் வண்டிகளை அங்குமிங்கும் ஏவுவதற்காக உண்டாக்கப்பட்டது. ராடார்களிலிருந்து இடைவிடாது பொழியும் செய்தியைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. இப்பிழைகளுக்கெல்லாம் மூலமானது எது? அமெரிக்கப் பார்லிமெண்டின் தணிக்கை இலாகா 2008-ஆம் ஆண்டில் அதை எடுத்துரைத்தது. திட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தபோது, அதை உபயோகிக்கப் போகிற ரோந்துப் படையினரின் யோசனை போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதே அது. பாலைவனத்தில் காற்று எப்படி வீசும், எந்தப் பள்ளத்தில் ரேடியோ ஊமையாகும், இரவில் எந்த வழியில் ஆட்கள் நடப்பார்கள் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் வெளியே நின்றார்கள். அறியாதவர்கள் உள்ளே உட்கார்ந்து படம் வரைந்தார்கள்.

முடிவு யாதாயிற்று? 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அப்பொழுது உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரியாயிருந்த ஜானட் நபோலிடானோ அம்மையார் இத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவாகியிருந்தது. அதற்குக் கிடைத்தது, 2,000 மைலில் 53 மைலுக்குரிய அமைப்பு. வகுத்துப் பார்த்தால் மைலொன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் ஆகிறது. அதன் பிறகே, ஒவ்வொரு பகுதியின் நிலத்துக்கும் தக்கபடி, முன்னரே பரீக்ஷிக்கப்பட்ட கருவிகளை வாங்குவதென்ற முறைக்கு அந்த சர்க்கார் வந்தனர்.

பாடம் முழுவதும் கற்கப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. எல்லைக் காவலர் கையிலுள்ள ரேடியோக்களைப் புதுப்பிக்கும் வேலையைப் பற்றி அதே தணிக்கை இலாகா 2015-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, புதுக் கருவிகளைப் பெற்ற காவலரிற் பல குழுவினர், அவற்றைக் கையாளத் தங்களுக்கு இன்னும் பயிற்சி தேவை என்று தெரிவித்தார்கள். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான செய்தி இன்னும் கடுமையானது. தெற்கெல்லைக் கோபுரங்களிலுள்ள சுமார் 500 காமிராக்களில் ஏறக்குறைய 150 பழுதுபட்டுக் கிடந்தன என்று ரோந்துப் படையின் உள்குறிப்பொன்றை ஆதாரமாகக் காட்டி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அவற்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பில் ஒரு பங்கு, ஆகாய விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் வேறொரு இலாகாவினிடம் இருந்ததென்றும் தெரியவந்தது. காவல் ஒருவருடையது, கண்ணைத் துடைக்கும் வேலை மற்றொருவருடையது. இப்படியிருந்தால் பழுதுக்குப் பொறுப்பாளி யார்?

ஒரு ஆட்சேபம்

இங்கே ஒரு ஆட்சேபம் கூறப்படலாம். "நவீன விஞ்ஞானம் கம்பெனிகளிடமே இருக்கிறது, சர்க்கார் சிப்பந்தி அதை எட்டிப் பிடிக்க இயலாது, நிபுணத்துவத்தை விலைக்கு வாங்குவதே புத்திசாலித்தனம்" என்பார்கள். கம்பெனிகளிடம் கருவி வாங்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ராடாரையும் கண்ணாடி இழைக் கம்பியையும் எல்லைப் படையினரே வடிக்கவேண்டுமென்று எவரும் எதிர்பாரார். ஆனால், வாங்குவது வேறு. எதை வாங்குவது, வாங்கியது நன்றா என்று தீர்ப்புச் சொல்வது வேறு. நியாய ஸ்தலங்களிற் பழகிய நமக்கு இது எளிதில் விளங்குகிறது. வழக்கை எடுத்துரைக்க வக்கீல் வேண்டும். அவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அவரையே நீதிபதியின் ஆசனத்தில் ஏற்றிவைக்க யாரும் சம்மதிப்பதில்லை. விற்கும் கம்பெனியே தேவையை வரையறுத்து, விற்கும் கம்பெனியே பரீக்ஷை நடத்தி, விற்கும் கம்பெனியே தேர்ச்சி கூறும் ஏற்பாடு, வாதியே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் ஏற்பாடன்றி வேறென்ன?

சர்க்கார் சிப்பந்திக்குத் திறமை இல்லை என்பதும் சரியன்று. திறமையுள்ளவனை ரேடியோப் பெட்டி தூக்குபவனாகவே முப்பது வருஷம் வைத்திருந்துவிட்டு, பிறகு அவனுக்கு அபிப்பிராயம் இல்லை என்று குறைகூறுவது நேர்மையாகாது. அதிகாரம் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்பதற்கு நம் தேசத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. அதைக் காண அஸ்ஸாம் மாகாணத்துக்குச் செல்லவேண்டும்.

நமது எல்லைகள்

பாரத தேசத்தின் நில எல்லை 15,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதில் வங்காள தேசத்தோடு மட்டும் 4,096 கிலோமீட்டர். 1965-ஆம் ஆண்டு வரையில் பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாகாணத்துப் போலீஸ் படைகள் தத்தம் முறைப்படி காத்து வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் கட்ச் பிரதேசத்தில் நேர்ந்த தாக்குதல் அம்முறையின் குறையை வெளிப்படுத்திற்று. டிசம்பர் 1-ந் தேதி எல்லைப் பாதுகாப்புப் படை ஏற்பட்டது. பல படைகள் ஒரே படையாகவேண்டியிருந்த அக்காலத்தில், பல குரல்கள் ஒரே அலைவரிசைக்கு வருவதும் அவசியமாயிற்று.

அஸ்ஸாமிலுள்ள துப்ரி ஜில்லாவில் பிரம்மபுத்திரா நதி வங்காள தேசத்துக்குள் நுழைகிறது. அங்கே சுமார் 61 கிலோமீட்டர் எல்லை நதியின்மேலும் மணல் திட்டுகளின்மேலும் செல்லுகிறது. வேலி கட்ட நிலமில்லை. வெள்ளம் வந்தால் திட்டுகள் இடம் மாறும். இருந்த கரை இல்லாமற்போகும். படகு ரோந்தும் ஆபத்தாகும். இவ்விடத்தில் மின்னணுக் காவல் ஏற்படுத்தும் வேலையை 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரே ஏற்றுக்கொண்டார்கள். உற்பத்தியாளர் பலருடைய உதவியைப் பெற்றார்கள். பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடவில்லை. நுண்ணலைத் தொடர்பு, கண்ணாடி இழைக் கம்பி, டிஜிட்டல் ரேடியோ, இரவும் பகலும் காணும் காமிராக்கள், ஊடுருவலை உணரும் கருவிகள் ஆகியவற்றைக் கொண்ட அவ்வமைப்பு, 2019-ஆம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி அப்போதைய உள்நாட்டு மந்திரி ராஜ்நாத் சிங்கினால் திறந்துவைக்கப்பட்டது. தொடங்கி ஒன்றேகால் வருஷத்துக்குள் முடிந்த வேலை. அந்த நதியின் குணத்தை நன்கறிந்தவர்களே நிபுணர்களாகவும் இருந்தது இதற்கு ஒரு பெருங் காரணம் என்பது நமது அபிப்பிராயம். அரிஸோனாவையும் துப்ரியையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு நாம் வேறு வாதம் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும், துப்ரியைச் சொல்லி மகிழ்ந்துவிட்டு மற்றவற்றை மறந்துவிடக்கூடாது. 1999-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கார்கில் பிரதேசத்தில், காணாமற்போன தமது யாக்கைத் தேடிச் சென்ற தாஷி நம்கியால் என்ற இடையர் மலைமேல் ஊடுருவியோரைக் கண்டு சேனைக்கு அறிவித்தார். இவ்வளவு பெரிய தேசத்துக்கு அபாயச் செய்தி ஒரு ஏழை இடையரின் காலால் நடந்து வந்தது. அவருடைய தேசபக்திக்கு நமது வணக்கம். ஆனால், அந்த யாக் காணாமற் போயிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நாம் கேட்காமலிருக்க முடியாது. பின்னர் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த பரிசீலனைக் குழு இதை விரிவாக ஆராய்ந்தது. எல்லை நிர்வாகத்துக்கென்று உள்நாட்டு மந்திரி இலாகாவில் தனிப் பகுதி 2004-ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி பம்பாய் நகரில் நடந்தது மற்றொரு விதமான பாடம். கடல் வழியாக வந்த பத்துக் கொலைஞர்கள், தங்களை ஏவியவர்களோடு இண்டர்நெட் டெலிபோன் மூலமாக மணிக்கணக்கில் பேசிக்கொண்டே கொலை செய்தார்கள். அவர்களுக்குச் செய்தி வழி அறுபடவில்லை. குடிகளைக் காக்கவேண்டியவர்களிடையே தகவல் சிதறிக் கிடந்தது. அன்று உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு, தொலைத்தொடர்பு என்பது கணக்குப் புஸ்தகத்தில் ஒரு செலவினம் மட்டுமன்று. அதன் பிறகே கரையோரமாக ராடார் வரிசை எழுந்தது. முதற் பகுதியில் 46 நிலையங்கள்.

கடலெல்லையைப் பற்றிப் பேசும்போது நமது இராமேசுவரம் மீனவரை மறத்தலாகாது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976-ஆம் ஆண்டுகளிற் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கடலில் ஒரு கோட்டை வகுத்தன. அக்கோட்டின் நியாயத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பலமான அபிப்பிராய பேதம் உண்டு. அது வேறு விவாதம். அலையின்மேல் அக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே இங்கு நாம் குறிப்பது. இருட்டில் வலைவிரிக்கும் மீனவனுக்கு, எங்கே இருக்கிறாய் என்று சொல்லவும், ஆபத்தென்றால் அவன் குரலைக் கரைக்குக் கொண்டுவரவும் கருவி வேண்டும். நமது செயற்கைக் கோள்களின் துணைகொண்டு, எல்லையை அணுகும்போது எச்சரிப்பதும் இரு பக்கமும் சிறு செய்திகளைக் கொண்டுசெல்வதுமான கருவிகளை 1,00,000 மீன்பிடி படகுகளுக்கு வழங்கும் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி பால்கரில் தொடங்கப்பட்டது. இதை வரவேற்கிறோம். ஆனால், கருவியைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடாது. உப்புக் காற்றில் அது கெட்டால் பாம்பனில் பழுதுபார்ப்பவர் யார்? நள்ளிரவில் மீனவன் அனுப்பும் அபயக் குரலுக்குக் கரையில் விழித்திருப்பவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை இருந்தாலன்றி, அப்பெட்டி படகில் ஏற்றிய ஒரு பாரமாகவே முடியும்.

கண் எப்பக்கம் நோக்குவது?

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். எல்லையைக் காக்கும் காமிராவும், செய்தியை இடைமறிக்கும் கருவியும், அதே திறமையோடு உள்நாட்டுக் குடிகளின் மீதும் திரும்பக்கூடியவை. தந்திச் செய்திகளை இடைமறிக்க சர்க்காருக்கு அதிகாரமளித்த 1885-ஆம் ஆண்டுச் சட்டம் அன்னிய ஆட்சி தன் சௌகரியத்துக்காகச் செய்தது. சுதந்திர இந்தியாவிலும் அது நெடுங்காலம் நீடித்தது. 1996-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் டெலிபோன் ஒட்டுக் கேட்பதற்கு வரம்புகள் விதித்தது. 2017-ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட சபை, தனி வாழ்வின் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் இடைமறிக்கும் அதிகாரம் இடம் பெற்றிருக்கிறது. எதைப் பதிவு செய்வது, எத்தனை நாள் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பவை நடைமுறையில் பிரதம நிபுணரின் மேஜைக்கே வருகின்றன. மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார் என்பதற்காகச் சட்டத்துக்குப் புறம்பானதைச் செய்யாமல், எழுத்துமூலமான உத்தரவு கேட்கும் தைரியம் அவருக்கு வேண்டும். அவ்வாறு கேட்டதற்காக அவரைத் தண்டிக்க முடியாதபடி சட்டமும் அவரைக் காக்கவேண்டும். கம்பெனிச் சம்பளத்தில் ஆறு மாதம் வந்து போகிறவரிடம் இத்தைரியத்தை எதிர்பார்க்க இயலுமா?

நாம் வேண்டுவது

நாம் கோருவன அதிகமல்ல. முதலாவது, எல்லைக் காவலுக்கான எந்த மின்னணுத் திட்டத்துக்கும் அந்தப் படையின் பிரதம தொலைத்தொடர்பு நிபுணர் தலைமை அங்கத்தினராயிருக்க வேண்டும். அவர் கையொப்பமின்றி எந்தக் கருவியும் ஏற்கப்படலாகாது. அவர் மறுத்தால் அம்மறுப்பும் காரணமும் தணிக்கை அதிகாரியின் பார்வைக்குச் செல்லவேண்டும். இரண்டாவது, பரீக்ஷை கம்பெனியின் முற்றத்தில் நடவாமல், அக்கருவி நிற்கப்போகும் இடத்திலேயே, அவ்விடத்தின் மிகக் கொடிய பருவத்திலேயே நடைபெற வேண்டும். பிரம்மபுத்திராக் கருவிக்கு ஆனி ஆடி வெள்ளமும், லடாக் கருவிக்குத் தை மாதப் பனியும், ராஜஸ்தான் கருவிக்குச் சித்திரைப் புழுதிக் காற்றுமே பரீக்ஷாதிகாரிகள். மூன்றாவது, வாங்கும் விலையோடு பராமரிப்புச் செலவும், மாற்று உறுப்புகளும், கருவியின் வரைபடங்களும், நிரலின் மூலமும் ஒப்பந்தத்திலேயே அடங்கவேண்டும். ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்து வயதான நாம் சொல்கிறோம்: விற்பவன் போனபின் திறக்க முடியாத பூட்டை வாங்குபவன், தன் வீட்டுக்கே வாடகைக்காரனாகிறான். நான்காவது, ரேடியோ மெக்கானிக்காகச் சேரும் வாலிபன் தகுதியினால் அப்படையின் பிரதம நிபுணர் வரையில் உயரும் வழி அடைபடாமல் திறந்திருக்கவேண்டும். கற்றவன் கம்பெனிக்கு ஓடுவது பண ஆசையினால் மட்டுமல்ல; சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் நிற்க மனமில்லாமையினாலும் ஓடுகிறான்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டுமே என்பார்கள். கோபுரங்களை எழுப்பும் செலவோடு ஒப்பிட்டால், சில நிபுணர்களுக்குத் தகுந்த சம்பளமும் பயிற்சியும் கொடுக்கும் செலவு மிகச் சிறிது. அதை மிச்சப்படுத்தப் போய்ப் பெரியதை இழக்கும் சிக்கனம் யாருக்கு லாபம்? அரிஸோனாவில் வீணான 100 கோடி டாலர் ஒரு செல்வ தேசத்தின் பணம், அது தாங்கிற்று. நமது பணம் உழவன் வரியும் தொழிலாளி வியர்வையும் கூடியது, நாம் தாங்கமாட்டோம்.

தேச காரியத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லையைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் அமர்ந்துள்ள நம் பிரதிநிதிகளை நோக்கி, எத்தனை கோபுரம் எழுப்பினீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், அவற்றில் எத்தனை இன்று பேசுகின்றன, பேசாதவற்றைப் பேசவைக்க யாரை வைத்திருக்கிறீர்கள், அவர் சொல்லை எப்பொழுதாவது கேட்டீர்களா என்றும் கேளுங்கள். பனிமலையில் தனித்து நிற்கும் சிப்பாய் கருவியின் பொத்தானை அழுத்தி அழைக்கும்போது மறுமொழி வரவேண்டும். அந்த மறுமொழிக்கு உத்தரவாதம் செய்யும் மனிதருக்கு உரிய ஸ்தானத்தை அளிப்பது சர்க்காரின் கடமை. அளிக்கச் செய்வது நம் கடமை.